சொல்லப்பட்ட குறை

பிறர் பயன்படுத்திய பொருளை விலை கொடுத்து வாங்குவதைக் கௌரவக் குறைவாக எண்ணும் மனப்பான்மை நம்மில் பலருக்கு உண்டு. "இன்னொருவர் வீட்டுப் பழசை வாங்கும் அளவுக்கா நம் நஸீபு போய்விட்டது?" என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கௌரவம் என்று அவர்கள் சொல்வதைச் சற்று ஆராய்ந்தால், அதன் அடியில் ஓர் அச்சம் இருப்பது புலப்படும். பொருளில் என்ன குறை ஒளிந்திருக்கிறதோ, விற்பவர் எதை மறைக்கிறாரோ என்ற அச்சமே அது. ஒரு சலவை இயந்திரமும் அதற்குத் துணையான உலர்த்தும் இயந்திரமும் எங்கள் வீட்டிற்கு வந்து, ஏழாண்டுகள் உழைத்து, பின்னர் வேறொரு வீட்டிற்குச் சென்றன. அந்த அச்சத்திற்கு மருந்து எது என்பதை அவை காட்டித் தந்தமையால் அந்த வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் வசிப்பது அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில். குளிர்காலத்தில் இங்கே கொடியில் துணி காயப்போடுவது ஆகாத காரியம். ஈரத்துணி உறைந்து பலகைபோல் விறைத்துவிடும். எனவே துவைக்க ஒன்று, உலர்த்த ஒன்று என இரண்டு இயந்திரங்களைப் பெரும்பாலான வீடுகளில் காணலாம். இல்லாதவர்கள், காசு போட்டுத் துவைக்கும் பொதுச் சலவைக் கூடத்திற்கு அழுக்கு மூட்டையைச் சுமந்து செல்ல வேண்டியதுதான். மூன்று சிறு பிள்ளைகளோடு நாங்களும் இரண்டாண்டுகள் சுமந்தோம். 2015ஆம் ஆண்டில், நிலவறையில் இயந்திரம் வைக்க வசதியுள்ள வீட்டிற்குக் குடிபெயர்ந்தோம். புதிதாக இரண்டும் வாங்க 1,500 டாலருக்கு மேல் வேண்டும் என்றார்கள். கையில் அவ்வளவு பணம் இல்லை. வட்டிக்குத் தவணை கட்டி வாங்க மனம் ஒப்பவில்லை. ஆகவே பழைய இயந்திரம் தேடினோம்.

மூதாட்டி கொடுத்த தாள்

பக்கத்துத் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். கணவரை இழந்தவர், கிறிஸ்தவர். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்ச் சேரவிருந்த அவர், இரண்டு இயந்திரங்களையும் 250 டாலருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் பார்க்கச் சென்றபோது, இயந்திரங்களைக் காட்டுவதற்கு முன்பே ஒரு தாளை எங்கள் கையில் கொடுத்தார். அதில் எண்ணிட்டு மூன்று குறைகளை எழுதியிருந்தார். முதலாவது, துவைத்து முடிந்த பின்னும் சில நாட்களில் அடியில் நீர் தேங்கி நிற்கிறது. இரண்டாவது, துணி பிழியும் வேளையில் இயந்திரம் அதிர்ந்து ஓசை எழுப்புகிறது. மூன்றாவது, முன்பு முக்கால் மணி நேரத்தில் உலர்ந்த துணிகளுக்கு இப்போது இரண்டு மணி நேரம் பிடிக்கிறது.

"இவற்றைப் படித்த பிறகும் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அம்மூதாட்டி. நாங்கள் பேரம் பேசவில்லை. பேரத்தில் நாங்கள் சொல்லியிருக்க வேண்டியவற்றை எல்லாம் அவரே சொல்லி முடித்திருந்தார்.

இடம் பெயர்த்த கதை

முன்புறம் கதவு அமைந்த சலவை இயந்திரத்தை நகர்த்திப் பார்த்தவர்களுக்கே அதன் கனம் தெரியும். எங்களுடையது ஏறத்தாழ 90 கிலோ. அதனுள் கனமான கான்கிரீட் கட்டிகள் பொருத்தப்பட்டிருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். நிமிடத்திற்கு ஆயிரம் முறைக்கு மேல் சுழலும் உருளை, இயந்திரத்தையே தூக்கி எறிந்துவிடாமல் அடக்கி வைப்பவை அக்கட்டிகளே. துணி போடும் உருளையும் அதைச் சூழ்ந்த தொட்டியும் மேலே சுருள்வில்களில் தொங்குகின்றன. கீழே அதிர்வுதாங்கிகள் அவற்றைப் பிடித்திருக்கின்றன. இப்படி ஊஞ்சல்போல் தொங்கும் பொருளை அப்படியே வண்டியில் ஏற்றினால், சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் உள்ளே இடிபட்டுச் சேதமாகும். அதற்காகவே தொழிற்சாலையிலிருந்து அனுப்பும்போது, பின்புறத்தில் மூன்று அல்லது நான்கு நீண்ட போல்ட்டுகளை முடுக்கி உருளையை அசையாமல் பிணைத்து வைக்கிறார்கள்.

இந்த விவரத்தைச் சொன்னவன், உதவிக்கு வந்திருந்த என் தம்பி. "அந்தப் போல்ட்டுகள் இல்லாமல் வண்டியில் ஏற்ற வேண்டாம் மச்சான். ஒரு நாள் பொறுத்தாலும் நல்லதுதான்" என்று என் கணவரிடம் உறுதியாகச் சொல்லிவிட்டான். மூதாட்டியிடம் அவை இல்லை. இயந்திரத்தின் மாதிரி எண்ணைச் சொல்லி, உதிரிபாகக் கடையில் ஒரு தொகுதி வாங்கிவந்தோம்.

வெந்நீர், தண்ணீர்க் குழாய்கள் இரண்டையும் அடைத்து, கீழே வாளி வைத்து இணைப்புகளைக் கழற்றினோம். இயந்திரத்தின் அடியில் உள்ள சிறு மூடியைத் திறந்து தேங்கிய நீரை வடித்தோம். போல்ட்டுகளை முடுக்கி, கதவு திறந்துகொள்ளாதபடி ஒட்டுநாடா சுற்றி, இருசக்கரத் தள்ளுவண்டியில் நிறுத்தி வாரால் இறுகக் கட்டினார்கள். கதவு இருக்கும் முன்புறத்தில் வாரின் அழுத்தம் படக் கூடாது என்பதால் தள்ளுவண்டியைப் பக்கவாட்டிலேயே செலுத்தினார்கள். எங்கள் நிலவறை வாயில் 27 அங்குல அகலமுள்ள இயந்திரத்திற்கு மயிரிழை இடமே விட்டது. கதவைக் கீலிலிருந்து கழற்றிய பின்னரே உள்ளே நுழைந்தது. படிகளில் இறக்கும்போது மேலே இருவர் வாரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறக்கினர். இயந்திரத்திற்கு நேர் கீழே எவரையும் நிற்க விடவில்லை. கை நழுவினால் 90 கிலோ எடை எவரையும் பார்த்து விழாது அல்லவா?

இறக்கிவைத்த உடனே அந்தப் போல்ட்டுகளைக் கழற்றிவிட வேண்டும். மறந்து ஓட்டினால் இயந்திரம் முழுவதும் ஆவேசம் வந்ததுபோல் குதித்துப் பழுதாகிவிடும். கழற்றியவற்றை ஒரு பையில் இட்டு, பெயரெழுதி, இயந்திரத்தின் பின்னே தொங்கவிட்டேன். பின்பு ரசமட்டம் வைத்துப் பார்த்து நான்கு கால்களையும் சமப்படுத்தினோம்.

உலர்த்தும் இயந்திரத்தில் வேறொரு சிக்கல் எழுந்தது. அது 240 வோல்ட் மின்சாரத்தில் இயங்குவது. மூதாட்டியின் பழைய வீட்டில் மூன்று முனை பிளக். எங்கள் வீட்டுச் சுவரிலோ நான்கு துளைகள். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் மின் விதிகளிலிருந்து, புதிய இணைப்புகளில் நியூட்ரல் கம்பியும் எர்த் கம்பியும் தனித்தனியே இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. இயந்திரத்தின் கம்பியை மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் பழைய முறையில் இயந்திரத்தின் உடற்பகுதியையும் நியூட்ரலையும் இணைக்கும் ஒரு சிறு தகடு உள்ளே இருக்கும். நான்கு முனைக் கம்பிக்கு மாற்றும்போது அந்த இணைப்பையும் நீக்க வேண்டும். நீக்காவிட்டால் ஒருநாள் இயந்திரத்தின் உடலிலேயே மின்சாரம் பாயக்கூடும். ஈரக் கையோடு பெண்களும் பிள்ளைகளும் தொடும் பொருள் என்பதால், தேர்ந்த மின்பணியாளரை அழைத்தே இதைச் செய்வித்தோம்.

மூன்று குறைகளும் தீர்ந்தன

முதல் குறையை நானே தீர்த்தேன். நீரை வெளியேற்றும் பம்பிற்கு முன்னால் ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைத் திருகிக் கழற்றியபோது, பஞ்சும் சோப்பும் சேர்ந்து களிம்பாகிப் போயிருந்த அழுக்கினுள் சில நாணயங்களும், ஒரு கொண்டை ஊசியும், ஒரு குழந்தையின் காலுறையும் கிடந்தன. வழி அடைபட்ட நீர் எங்கே போகும்? கழுவித் துடைத்து மாட்டிய அன்றே நீர் தேங்குவது நின்றது. தொழுகைக்கு உடுத்தும் துணி, தேங்கி நாறிய நீரில் கிடந்து வருவதை எந்த மனம் ஏற்கும்? ஆகவே எனக்கு அது பெரிய நிம்மதி. நாணயங்களை உறையிலிட்டு மூதாட்டியிடம் சேர்ப்பித்தோம். அவர் எங்களுக்கு விற்றது இயந்திரத்தைத்தானே தவிரக் காசை அல்ல!

இரண்டாவது குறைக்குக் காரணம் தேய்ந்துபோன அதிர்வுதாங்கிகள். என் கணவரும் தம்பியும் ஒரு விடுமுறை நாளில் புதியவற்றைப் பொருத்தினார்கள். லுஹருக்கு முன் தொடங்கிய வேலை அஸருக்குப் பின் முடிந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்ற கருத்தில் அவர்கள் விடையளித்ததாக புகாரியில் காண்கிறோம். வீட்டுப் பொருளைப் பழுது பார்ப்பதைத் தாழ்வான வேலை என்று ஒதுக்கும் ஆடவர்கள் இதைச் சிந்திப்பது நல்லது.

மூன்றாவது குறைதான் ஆபத்தானது. ஆனால் அது இயந்திரத்தின் குறையே அல்ல. உலர்த்தும்போது எழும் ஈரக்காற்று ஒரு குழாய் வழியாக வீட்டிற்கு வெளியே போக வேண்டும். மூதாட்டியின் வீட்டில் இருந்தது மெல்லிய தகட்டுத்தாளால் ஆன சுருங்கும் குழாய். அது சுவருக்கும் இயந்திரத்திற்கும் இடையே நசுங்கி, துணிப்பஞ்சு அடைத்துக் கிடந்தது. காற்று போக வழியில்லாததால்தான் துணி உலரவில்லை. இந்தப் பஞ்சு எளிதில் தீப்பற்றக் கூடியது. 2008 முதல் 2010 வரையிலான கணக்கின்படி, அமெரிக்க வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் உலர்த்தும் இயந்திரங்களால் நேர்ந்ததாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் மதிப்பிட்டது. துப்புரவு செய்யாமல் விட்டதே அவற்றின் முதன்மைக் காரணம் என்றும் கூறியது. நாங்கள் உறுதியான உலோகக் குழாயைப் பொருத்தினோம். முக்கால் மணி நேரத்தில் துணி உலரத் தொடங்கியது. மூதாட்டிக்கும் தொலைபேசியில் காரணத்தைச் சொல்லி, மகள் வீட்டுக் குழாயைப் பார்க்கச் சொன்னோம்.

அதன் பிறகு ஏழாண்டுகள் அவை எங்களுக்கு உழைத்தன. நாங்கள் செய்ததெல்லாம் சிறு கவனிப்புகளே. இவ்வகை இயந்திரம் குறைந்த நீரில் துவைப்பது; ஆகவே நுரை குறைந்த சோப்பு இரண்டு கரண்டி போதும். துவைத்து முடிந்ததும் கதவைச் சற்றுத் திறந்து வைத்து, ரப்பர் வளையத்தின் மடிப்பைத் துடைத்துவிட்டால் பூசணமும் நாற்றமும் அண்டாது. வடிகட்டியை மாதம் ஒருமுறையும், உலர்த்தும் இயந்திரத்தின் பஞ்சுவலையை ஒவ்வொரு முறையும் துப்புரவு செய்வேன். நஜீஸ் பட்ட துணி இருந்தால் தனியே அலசி, அதன் அடையாளம் நீங்கிய பின்னரே மற்றத் துணிகளோடு இடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

எங்கள் முறை வந்தது

2022ஆம் ஆண்டில் நாங்கள் வேறு வீட்டிற்கு மாறவேண்டியதாயிற்று. அங்கே இயந்திரங்கள் ஏற்கெனவே இருந்தன. இவை இரண்டும் 300 டாலருக்குக் கிடைக்கும் என்று பள்ளிவாசலில் அறிவிப்பு ஒட்டினார் என் கணவர். ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே, துணி பிழியும்போது உருளையின் பின்புறத்திலிருந்து விமானம் உறுமுவது போன்ற ஓசை வரத் தொடங்கியிருந்தது. வெறும் உருளையைக் கையால் சுற்றினாலே கரகரப்பு தெரிந்தது. பேரிங் தேய்ந்துவிட்டது என்பது அதன் பொருள். அந்த மாதிரி இயந்திரத்தில் பேரிங்கை மட்டும் மாற்ற இயலாது. தொட்டியையே மாற்ற வேண்டும். அதற்கு ஆகும் செலவில் வேறு பழைய இயந்திரமே வாங்கிவிடலாம்.

அன்று வீட்டிற்கு வந்திருந்த தம்பி, "இருக்கிற நிலையில் விற்கப்படும் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதுமே மச்சான்! இந்த நாட்டு வழக்கமே அதுதான். வாங்குபவர் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும்" என்றான்.

"அந்த வரியை எழுதலாம். ஆனால் நமக்குத் தெரிந்ததைத் தெரியாததாக அது ஆக்கிவிடுமா?" என்று கேட்டார் என் கணவர்.

எனக்கு எங்கள் வாப்பாவின் நினைவு வந்தது. ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். துணியில் இழை விட்டுப்போன இடம் இருந்தால், விரிக்கும்போதே அதில் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் விலை சொல்வார்கள். இஹ்யா உலூமித்தீனில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கும் ஒரு நிகழ்ச்சியை அடிக்கடி எங்களுக்குச் சொல்வார்கள். ஒருவர் 300 திர்ஹத்திற்கு ஓர் ஒட்டகத்தை விற்றார். அருகில் இருந்த நபித்தோழர் வாஸிலா (ரலி) அவர்கள் வேறு சிந்தனையில் இருந்தார்கள். வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிச் சென்றுவிட்டதைக் கண்டதும் பின்னாலேயே விரைந்து, அதை வாங்கியது இறைச்சிக்கா, பயணத்திற்கா என்று வினவினார்கள். பயணத்திற்கு என்றார் அவர். அப்படியானால் அதன் பாதத்தில் ஒரு துளை இருக்கிறது, நெடும்பயணம் தாங்காது என்று தெரிவித்தார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. தம் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டதாக அவர் குறைபட்டபோது, எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக அண்ணலாரிடம் உறுதிமொழி அளித்திருக்கிறோம் என்று வாஸிலா (ரலி) அவர்கள் விளக்கினார்கள்.

இதைத் தம்பிக்கு நினைவூட்டினேன். "வாப்பா சொன்னதை நான் மறக்கவில்லை லாத்தா" என்று சொல்லிவிட்டு மௌனமானான்.

மறுநாள் ஓர் ஆப்கானியச் சகோதரர் தம் மனைவியோடும் மூத்த மகளோடும் வந்தார். 2021இல் காபூலைவிட்டு வெளியேறி, நியூ ஜெர்சியின் இராணுவத் தளத்தில் தங்கவைக்கப்பட்டிருந்து, பின்னர் எங்கள் பகுதியில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். ஐந்து பிள்ளைகள். அத்தனை துணிகளையும் அந்த அம்மாள் குளியல் தொட்டியில் கையால் துவைத்து வந்தார். அச்சகோதரர் இயந்திரத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 300 டாலரை எண்ணி நீட்டினார். பள்ளிவாசலில் தொழுபவர் விற்கும் பொருள் என்ற நம்பிக்கை ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த நம்பிக்கையைக் கண்டதும்தான், சொல்லாமல் விட்டிருந்தால் அது எத்தகைய துரோகமாகியிருக்கும் என்பது தம்பிக்கும் விளங்கியது. அவனே இயந்திரத்தை ஓடவிட்டான். பிழியும் வேகம் ஏறி உறுமல் எழுந்ததும், "இந்த ஓசையைக் கேளுங்கள்" என்றான். பன்னிரண்டு வயதிருக்கும் அந்த மகள், ஆங்கிலத்தில் கேட்டதைத் தம் தந்தைக்கு தாரி மொழியில் சொன்னாள். அவர் முகம் வாடியது. நாங்கள் தர மனமில்லாமல் சாக்குச் சொல்கிறோம் என்று எண்ணிவிட்டார் போலும். என் கணவர் பொறுமையாக விளக்கினார். ஆறு மாதம் ஓடலாம், இரண்டு ஆண்டும் ஓடலாம், அதை அல்லாஹ்தான் அறிவான். பழுது பார்ப்பது இலாபமில்லை. உலர்த்தும் இயந்திரத்தில் குறை இல்லை. அதற்கு மட்டும் 100 டாலர் தந்தால் போதும், சலவை இயந்திரத்தைச் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்றார். அச்சகோதரர் சிறிது யோசித்தார். இலவசமாகப் பெற அவர் மனம் இடம் தரவில்லை. 50 டாலரைச் சேர்த்து வைத்து, 150ஆகக் கொடுத்துவிட்டே போனார். பின்னே தொங்கிக்கொண்டிருந்த போல்ட் பையை நான் அந்த அம்மாளிடம் ஒப்படைத்தேன். வடிகட்டி, பஞ்சுவலை, நான்கு முனை பிளக் ஆகியவற்றைப் பற்றிய குறிப்புகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

சலவை இயந்திரம் பதினோரு மாதங்கள் ஓடி நின்றது. அச்சகோதரர் தொலைபேசியில் அழைத்தார் என்றதும் எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அவர் பேசியது குறை சொல்வதற்காக அல்ல. அது நின்றுவிடும் என்று தெரிந்திருந்ததால், வாங்கிய மாதத்திலிருந்தே மாதம் 20 டாலர் தனியே எடுத்து வைத்து வந்தாராம். அந்தப் பணத்தில் வேறு இயந்திரம் வாங்கிவிட்டதாகவும், வாங்கும்போது உருளையைக் கையால் சுற்றிப் பார்த்து, அடி வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தே வாங்கியதாகவும் மகிழ்ச்சியோடு சொன்னார். ஒருநாள்கூட அவர் மனைவி மீண்டும் குளியல் தொட்டியில் துவைக்க நேரவில்லை.

அன்றுதான் எனக்கு இதன் முழுப் பொருளும் விளங்கியது. குறையைச் சொல்வது விற்பவரின் மறுமைக்கு மட்டும் உரிய காரியம் என்று எண்ணியிருந்தேன். வாங்குபவரின் இம்மைக்கும் அது எவ்வளவு தேவையானது! தெரிந்த குறைக்கு ஏழையும் ஆயத்தமாக முடியும். மறைக்கப்பட்ட குறையோ அவன் கையில் காசில்லாத நாளில் இடியாக வந்து விழும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்தால் அது அழிந்துவிடும் என்ற கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றிருக்கிறது. பரக்கத் என்பது பணப்பெட்டியில் தெரிவது என்றே பலரும் நினைக்கிறோம். எங்களுக்குக் கிடைத்தது நாங்கள் கேட்ட விலையில் பாதி. ஆனால் மூன்று வீட்டாருக்கு இடையே ஒருவர் மீது ஒருவருக்குக் கசப்பு இல்லாமல் அவ்விரு இயந்திரங்களும் கைமாறின. பரக்கத் என்பதற்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

நம் வீடுகளிலும் எத்தனையோ பொருள்கள் கைமாறுகின்றன. தையல் இயந்திரம், கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி, பிள்ளைகளின் மிதிவண்டி என்று எதை விற்றாலும், இலவசமாகவே கொடுத்தாலும், அதன் குறையை நாமே முதலில் சொல்வோம். முடிந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். நம்மை நம்பி வாங்குபவரின் நம்பிக்கை நம்மிடம் உள்ள அமானிதம். அதைப் பேணும் நல்லுள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.